சிங்கப்பூரில் ஊர்ச் சாப்பாடு: புதன்கிழமை இரவுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூருக்கு வந்த புதிதில், பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடிக்கலாம் என்று அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருந்த கடையில் ஓர் அரிசி மாவுப் பொட்டலம் வாங்கினேன். கொதிநீர் விட்டுக் கிளறியதும் மாவு கரண்டியை விடமாட்டேன் என்றது. தண்ணீர் கூடிவிட்டது போல என்று இன்னும் கொஞ்சம் மாவைக் கொட்டினேன். ஆவியில் வைத்து எடுத்தபோது ஒன்பது கொழுக்கட்டையும் ஒன்றாகச் சேர்ந்து, தட்டில் ஒரே பிள்ளையாராக உட்கார்ந்திருந்தன. பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் ‘குளூட்டினஸ்’ என்றிருக்கிறது. ஒட்டரிசி மாவு. சாதா அரிசி மாவு அதே அடுக்கில் ஒரு சாண் தள்ளித்தான் இருந்திருக்கிறது.

சாமான் பஞ்சம் என்பது இந்த ஊரில் கிடையாது. லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா சந்தைக்கு ரயில் ஏறினால் வாழைப்பூவிலிருந்து வாழையிலை வரை வாங்கிவரலாம். அதே வட்டாரத்து முஸ்தபா பேரங்காடியில் அப்பளம் மட்டும் எத்தனை வகை என்று எண்ணுவதற்குள் கால் வலித்துவிடும். ஆனால் ஏக்கம் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வருவதில்லை. புதன்கிழமை இரவு எட்டரை மணிக்கு, உட்லண்ட்ஸிலோ பொங்கோலிலோ, வேலை முடிந்து மின்தூக்கியில் நிற்கும்போது, யார் வீட்டிலிருந்தோ தாளிக்கிற வாசம் வந்தால் போதும். இந்த வழிகாட்டி அந்தப் புதன்கிழமைக்குத்தான். தேக்காவுக்குப் போகாமல், கீழ்க்கடையில் மலாய்ப் பெயரிலும் சீனப் பெயரிலும் கிடக்கும் நம் சாமான்களை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்போம். நான் திருநெல்வேலிக்காரன். ஆகவே இதில் நெல்லைச் சமையல் தூக்கலாக இருக்கும். கொங்குக்காரர்களும் தஞ்சாவூர்க்காரர்களும் பொறுத்துக்கொள்ளவும்.

முதலில் நாக்கைக் கேளுங்கள்

ஏக்கம் முழுச் சாப்பாட்டின் மேல் வருவது போலத்தான் தோன்றும். உட்கார்ந்து யோசித்தால் அதில் ஒரே ஒரு பகுதியின் மேல்தான் வந்திருக்கும். எனக்குப் பல மாதம் ‘பரோட்டா’ என்றுதான் ஏக்கம் இருந்தது. இங்கே ரொட்டி பிராட்டா என்கிற உள்ளூர்ப் பரோட்டா விற்காத பேட்டை கிடையாது. போனேன், சாப்பிட்டேன், ஏக்கம் அப்படியே இருந்தது. நாலைந்து முறை ஏமாந்த பிறகுதான் புரிந்தது, எனக்கு வேண்டியிருந்தது பரோட்டா இல்லை, அதன் மேல் ஊற்றுகிற சால்னா. சோம்பும் தேங்காயும் சேர்ந்து கொதித்த அந்த நீர்த்த குழம்பு. பிராட்டாவுக்குக் கொடுக்கும் மீன் கறியும் பருப்புக் கறியும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை வேறு சரக்கு.

ஆகவே முதல் படி: கண்ணை மூடி, முதலில் நினைவுக்கு வருவது வாசமா, புளிப்பா, வாயில் படுகிற பதமா என்று பாருங்கள். புளிக்குழம்பு என்றால் பெரும்பாலும் அது நல்லெண்ணெய் வாசம். பழைய சோறு என்றால் லேசான புளிப்பும், கடிபடுகிற சின்ன வெங்காயமும். களி என்றால் கருப்பட்டி. அந்த ஒன்று சரியாக அமைந்துவிட்டால் மற்றதில் முன்பின் இருந்தாலும் நாக்கு மன்னித்துவிடும். அந்த ஒன்று தப்பினால், மீதி எல்லாம் அம்மா கைப்பக்குவத்திலேயே வந்தாலும் பிரயோஜனமில்லை.

எதை மாற்றவே முடியாது

இந்தப் பட்டியல் சின்னது. மாதம் ஒருமுறை தேக்காவுக்குப் போனால் போதும்.

நல்லெண்ணெய் முதலிடம். கீழ்க்கடையில் எள்ளெண்ணெய் என்று ஒன்று இருக்கும். நிறம் கரும்பழுப்பு, வாசம் தூக்கியடிக்கும். சீனச் சமையலில் எள்ளை வறுத்து ஆட்டுகிறார்கள், நாம் வறுக்காமல் ஆட்டுகிறோம். அங்கே அது கடைசியில் ஒரு சொட்டு விடுகிற வாசனைப் பொருள், இங்கே நாம் குழிக்கரண்டியால் ஊற்றுகிற சமையல் எண்ணெய். அதில் புளிக்குழம்பு தாளித்தால் குழம்பு முழுக்கக் கருகிய எள் நெடிதான் இருக்கும். நான் தாளித்திருக்கிறேன், நீங்கள் வேண்டாம்.

அடுத்தது புழுங்கல் அரிசி. இங்கே எங்கும் கிடைக்கிற தாய்லாந்து மல்லிகை அரிசி வாசமானது, சுடச்சுடச் சோற்றுக்கு அருமை. இட்லிக்கும் பழைய சோற்றுக்கும் ஆகாது, குழைந்து கோந்தாகிவிடும். அப்புறம் பெருங்காயம், குண்டு மிளகாய், சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், மோர் மிளகாய். சிங்கப்பூரில் வற்றல் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம், ஆனால் எந்த மாதத்திலும் மதியம் திடீரென்று மழை கொட்டும் ஊர் இது, காற்றிலும் ஈரம். நான் தாழ்வாரத்தில் காயவைத்த வடகம் மூன்றாம் நாள் பூசணம் பூத்தது. வாங்கிவிடுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவருபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கசகசா. சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் சட்டத்தோடு சம்பந்தப்பட்டது. அம்மா மசாலாப் பொடியில் கசகசா அரைத்துப் போட்டிருந்தால் அந்தப் பொடியையும் கொண்டுவராதீர்கள். சிரிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இந்த ஊரில் அந்தச் சட்டம் எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு, இறைச்சி. உப்புக்கண்டம், கறி ஊறுகாய் எல்லாம் பெட்டியில் வைக்கும் முன் சிங்கப்பூர் உணவு அமைப்பின் பக்கத்தில் விதிகளைப் பார்த்துவிடுங்கள். எந்த நாட்டிலிருந்து என்ன இறைச்சி வரலாம் என்று அவர்கள் தெளிவாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள்.

மிக்ஸியைத் தாராளமாகக் கொண்டுவரலாம். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் பொருந்தாது. இங்கே சதுர முள் மூன்று. வரும்போதே ஒரு மாற்றி வாங்கி வையுங்கள்.

கீழ்க்கடையில் நம் சாமான்களுக்கு என்ன பெயர்

தேக்கா என்ற பெயரே ஹொக்கியன் என்கிற சீன மொழியிலிருந்து வந்தது, ‘சின்ன மூங்கில்களின் அடிவாரம்’ என்று அர்த்தம். 1980-களில் கட்டிய புதுக் கட்டடத்துக்கு மாண்டரின் உச்சரிப்பில் சூஜியாவ் சென்டர் என்று பெயர் வைத்தார்கள். மக்கள் வாயில் அது நுழையவில்லை. 2000-இல் மறுபடி தேக்கா சென்டர் ஆக்கினார்கள். காய்கறிப் பெயர்களும் அப்படித்தான். கடைக்காரர் என்ன சொல்கிறாரோ அதைச் சொன்னால்தான் காரியம் நடக்கும்.

கீரையிலிருந்து ஆரம்பிக்கலாம். ‘பாயாம்’ என்பது நம் தண்டுக்கீரை வகை, பச்சையிலும் சிவப்பிலும் எல்லாப் பேரங்காடியிலும் உண்டு. கடைந்தால் அசல் கீரைக்கடைசல். ‘பெகாகா’ வல்லாரை. மலாய்க்காரர்கள் பச்சையாகவே தின்கிறார்கள், நாம் துவையல் அரைக்கலாம். ‘டாவுன் கெலோர்’ முருங்கைக்கீரை. ‘காங்கோங்’ வள்ளைக்கீரை. சாம்பல் பூசணியை, எங்கள் ஊரில் தடியங்காய் என்போம், இங்கே ‘விண்டர் மெலன்’ என்று வட்டமாக அறுத்துப் பிளாஸ்டிக் சுற்றி விற்கிறார்கள். மோர்க்குழம்புக்குப் போதும். அதன் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் வெடித்த தோலோடு கிடப்பது ‘ஓல்ட் கியூகம்பர்’, முற்றிய வெள்ளரி. சீனர்கள் சூப்பு வைக்கிறார்கள். தோலைச் சீவிச் சாம்பாரில் போட்டுப் பாருங்கள், நாட்டு வெள்ளரிக்காய்ச் சாம்பார்தான். பாகற்காய் ‘பெரியா’. சீனப் பாகற்காய் வெளிறிப் பெரிதாக இருக்கும், கசப்பும் குறைவு. கசப்பு வேண்டுமென்றால் சிறிதாக, கரும்பச்சையாகப் பொறுக்குங்கள். மரவள்ளிக்கிழங்கு ‘ஊபி காயு’.

பச்சைச் சுண்டைக்காயை நான் இரண்டு வருடம் தேடினேன். கடைசியில் ஒரு தாய்லாந்து மளிகைக் கடையில், பச்சைக் கறிக்குப் போடுகிற காய் என்று கொத்துக் கொத்தாகக் கட்டி வைத்திருந்தார்கள். அதே காய்தான், அதே இனம்தான். தாய்லாந்துக்காரர்கள் முழுசாகப் போடுகிறார்கள், நாம் நசுக்கி விதையை அலசிவிட்டுப் போடுகிறோம். மலாயில் ‘தெரோங் பிப்பிட்’ என்று கேட்கலாம்.

மீன் கடையில் ‘கெம்போங்’ என்றால் அயிலை, சென்னைக்காரர்களுக்குக் கானாங்கெளுத்தி. ‘தெங்கிரி’, சில கடைகளில் ‘பாத்தாங்’, வஞ்சிரம்; தூத்துக்குடியார் மொழியில் சீலா. ‘பாவால்’ வவ்வால், அதிலும் ‘பாவால் பூத்தே’ வெள்ளை வவ்வால். சீனப் புத்தாண்டு நெருங்கும்போது வெள்ளை வவ்வால் பக்கம் தலைவைக்க வேண்டாம், விலை ஏறிவிடும். புத்தாண்டுக்குப் பிறகு சில நாள் மீனும் காய்கறியும் விற்கிற ஈரச்சந்தையே வெறிச்சோடிக் கிடக்கும். சாதாரண வாரங்களிலும் திங்கட்கிழமை பல மீன் கடைகள் மூடியிருக்கும். ‘தாம்பான்’ சாளை. ‘ஈக்கான் பிலிஸ்’ நெத்திலிக் கருவாடு, ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அதை உப்பு நீரில் அவித்துவிட்டுத்தான் காயவைக்கிறார்கள். அதனால் தொக்குக்கும் வறுவலுக்கும் மொறுமொறு என்று நன்றாக வரும், கருவாட்டுக் குழம்புக்குரிய அந்த நெடி மட்டும் வராது. நெடிதான் வேண்டும் என்றால் ‘ஈக்கான் மாசின்’ என்று உப்புக் கருவாடு கேளுங்கள், கேலாங் செராய் சந்தையில் வகைவகையாக இருக்கும். உப்பு அதிகம், வெந்நீரில் ஊறப்போட்டு இரண்டு முறை அலசுங்கள், குழம்பில் உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள்.

நாட்டுக்கோழிக்கு ‘கம்போங் சிக்கன்’. கறி கெட்டியாக, கொழுப்புக் குறைவாக இருக்கும். பிராய்லரைவிடக் கூடுதலாக இரண்டு விசில் விடுங்கள். ஆட்டுக்கறி என்று பேரங்காடியில் உறைந்து கிடப்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியச் செம்மறி, கொழுப்பிலிருந்துதான் அந்தக் கவிச்சி வருகிறது. வெள்ளையாகத் தெரிகிற கொழுப்பை எல்லாம் அறுத்து எறிந்துவிட்டு மஞ்சளும் இஞ்சியும் போட்டு வேகவைத்தால் முக்கால்வாசி போய்விடும்.

பச்சை மிளகாயில் கவனம். ‘சிலி பாடி’ என்கிற ஊசி மிளகாய் பார்க்கச் சாதுவாக இருக்கும். ஊர்க் கணக்கில் நாலு போட்டால் சாப்பிட ஆள் இருக்காது.

அடுப்பே இல்லாதவர்களுக்கு

அறை வாடகை விளம்பரங்களில் ‘லைட் குக்கிங்’ என்று போட்டிருப்பார்கள். அதன் அர்த்தம் வீட்டுக்காரருக்கு வீட்டுக்காரர் மாறும். பெரும்பாலும் வேகவைக்கலாம், தாளிக்கக் கூடாது. முன்பணம் கொடுக்கும் முன்பே ‘சாம்பார் வைக்கலாமா’ என்று நேராகக் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. ஒன்றரை வருடம் ரைஸ் குக்கரில் ஓட்டினேன்.

அந்த ஒன்றரை வருடத்தில் என்னைக் காப்பாற்றியது ஒரு சீசா. அடுப்புள்ள நண்பர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், கால் கோப்பை நல்லெண்ணெயில் கடுகு, உளுந்து, கிள்ளிய மிளகாய், பெருங்காயம், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை போட்டு, கறிவேப்பிலை நன்றாக மொறுமொறுக்கும் வரை தாளித்து, ஆறியதும் காய்ந்த சீசாவில் ஊற்றிக்கொள்வேன். குளிர்பெட்டியில் இரண்டு வாரம் தாங்கும். பூண்டு போட வேண்டாம், எண்ணெய்க்குள் கிடந்தால் அது ஆபத்தாகக் கெட்டுப்போகும். ரைஸ் குக்கரில் ரசம் நுரை கட்டியதும் இதில் ஒரு கரண்டி. பருப்புச் சோற்றில் ஒரு கரண்டி. தயிர்ச் சோற்றிலும் ஒரு கரண்டி. தாளிக்கிற சத்தம்தான் இருக்காது.

வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதியில் இருக்கிற தம்பிகள் பலருக்கு அதிகாலையிலேயே வந்து இறங்குகிற கேட்டரிங் பொட்டலம்தான் மூன்று வேளையும். மதியம் திறக்கும்போது அது எப்படி இருக்கும் என்று அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அவர்களுக்கும் இந்தச் சீசா உதவும், கூடவே பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும்.

சொதி

இப்போது சமைக்கலாம். சிங்கப்பூரில் ஊரைவிடச் சுலபமாக வருகிற ஒரே நெல்லைச் சமையல் சொதி, ஏனென்றால் இது தேங்காய்ப்பால் ஊர். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் போடுவது, மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். கூட இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தே ஆக வேண்டும்.

நாலு பேருக்குக் கணக்கு. ஈரச்சந்தையில் தேங்காய் துருவி விற்கிறவரிடம் கறுப்புத் தோல் இல்லாத வெள்ளைத் துருவலாக ஒரு காய் அளவு கேளுங்கள். முதல் பால் ஒரு கோப்பை, இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் சேர்த்து மூன்று கோப்பை எடுங்கள். புதன்கிழமை இரவென்றால் டப்பாப் பால்தான்: 200 மில்லி டப்பாவில் பாதியைத் தனியே எடுத்து வையுங்கள், அது முதல் பால். மீதிப் பாதியில் மூன்று கோப்பைத் தண்ணீர் ஊற்றினால் அது இரண்டாம், மூன்றாம் பால்.

கால் கோப்பைப் பாசிப்பருப்பை மணம் வர வறுத்துக் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி, இவற்றைக் கொஞ்சம் பெரிய துண்டாகவே நறுக்கலாம். பதினைந்து சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு முழுசாக. ஒரு பெரிய துண்டு இஞ்சியையும் நாலு பச்சை மிளகாயையும் (சிலி பாடி என்றால் ஒன்று) அரைத்துக்கொள்ளுங்கள்.

வெங்காயத்தையும் பூண்டையும் தேங்காயெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, அரைத்த விழுதைப் போட்டுப் பச்சை வாசம் போனதும், காய்களையும் நீர்த்த பாலையும் ஊற்றி மிதமான தீயில் வேகவையுங்கள். மூடி போட வேண்டாம், பொங்கும். காய் வெந்ததும் பருப்பு, உப்பு. ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து முதல் பால். ஓரத்தில் சின்னக் குமிழி தெரிந்த உடனே அணைத்துவிடுங்கள். கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் மிதக்கும். டப்பாப் பால் அவ்வளவு சுலபத்தில் திரியாது, ஆனால் கொதித்தால் அதிலும் ருசி கெட்டுப்போகும்.

புளிப்பு, அடுப்பை அணைத்த பிறகுதான். ஊரில் எலுமிச்சை பிழிவோம். இங்கே நான் எலுமிச்சை வாங்குவதை விட்டுவிட்டேன். ‘லீமாவ் கஸ்தூரி’ என்று கோலிக்குண்டு அளவில் ஒரு சின்ன எலுமிச்சை இருக்கிறது, மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் தட்டின் ஓரத்தில் பாதி அறுத்து வைப்பார்களே, அது. ஐந்தாறு பிழிந்தால் சொதிக்கு ஒரு நாரத்தை வாசம் ஏறுகிறது. என் அம்மா இங்கே வந்திருந்தபோது இதைச் சாப்பிட்டுவிட்டு எதுவும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு போனில், ‘அந்தச் சின்ன எலுமிச்சங்கா அங்க மட்டுந்தான் கிடைக்குமாப்பா’ என்று கேட்டார்.

மீன் குழம்பும் புளியும்

‘அசாம் ஜாவா’ நம் புளிதான், கட்டியாகப் பொட்டலத்தில் வரும். என் நாக்குக்குப் புளிப்பு ஒரு மாற்றுக் குறைவு, கொஞ்சம் கூடுதலாகக் கரைத்துக்கொள்கிறேன். அதற்குப் பக்கத்திலேயே ‘அசாம் கெப்பிங்’ என்று காய்ந்த சில்லுகள் தொங்கும். பெயரில் அசாம் இருந்தாலும் அது புளி இல்லை, கொடம்புளிக்கு ஒன்றுவிட்ட தம்பி. கன்னியாகுமரிப் பக்கத்து மீன் குழம்புக்கு ஏங்குபவர்கள் நேராக இதைத்தான் எடுக்க வேண்டும்.

அரைக் கிலோ அயிலைக்கு இரண்டு சில்லை அலசிப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். அரை மூடித் தேங்காய், ஒரு கரண்டி சீரகம், ஆறு சின்ன வெங்காயம், மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள் எல்லாவற்றையும் வெண்ணெயாக அரைத்துச் சட்டியில் கரைத்து, சில்லைப் போட்டுக் கொதிக்கவிட்டு, பச்சை வாசம் போனதும் மீன். மாங்காய் கிடைத்தால் இரண்டு துண்டு. மீன் போட்ட பிறகு கரண்டி வேண்டாம், சட்டியைப் பிடித்துச் சுற்றிவிடுங்கள். இறக்கியதும் சில்லுகளை எடுத்துவிட வேண்டும். மறந்தால் மறுநாள் குழம்பு பல் கூசும் அளவுக்குப் புளித்திருக்கும்.

தாளிக்கிற புளிக்குழம்புக்குச் சில்லு ஆகாது, அதற்குக் கரைத்த புளிதான்.

சால்னா, கசகசா இல்லாமல்

கசகசா கொடுப்பது கொழகொழப்பும் ஒருவித மெத்தென்ற பதமும். முந்திரி அதைக் கிட்டத்தட்டக் கொடுக்கும், ஆனால் இனிப்பு ஏறிவிடும். மலாய்க்காரர்களிடம் இதற்கு அருமையான விடை இருக்கிறது: ‘புவா கெராஸ்’. பெருவிரல் நுனி பருமனில் வெள்ளைக் கொட்டை, அவர்கள் கறியையும் சம்பலையும் கெட்டிப்படுத்துவது இதை அரைத்துத்தான். நாலு கொட்டை, ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, ஒரு தேக்கரண்டி சோம்பு, கைப்பிடித் தேங்காய், சேர்த்து அரைத்தால் சால்னாவுக்கு வேறெதுவும் வேண்டாம். ஒரு விஷயம்: இந்தக் கொட்டையைப் பச்சையாகத் தின்னக் கூடாது, வயிற்றைக் கலக்கிவிடும். அரைத்து ஊற்றிய பிறகு குறைந்தது பத்து நிமிடம் கொதிக்கவேண்டும்.

பரோட்டாவுக்கு உறைந்த பிராட்டாவே போதும், இந்த விஷயத்தில் எனக்கு வீம்பு இல்லை. கொத்துப் பரோட்டா என்றால் சுட்டு ஆறவைத்து, கத்தரிக்கோலால் வெட்டிவிடுங்கள். சூட்டோடு கொத்தினால் பிசைந்த மாவாகிவிடும். நாலு பிராட்டாவுக்கு இரண்டு முட்டை, ஒன்றரைக் கரண்டி சால்னா, கறிவேப்பிலை நிறைய.

மாவு, சோறு, தயிர்

இட்லி மாவைப் பொறுத்தவரை குளிர்நாட்டுத் தமிழர்களின் புலம்பல் நமக்குப் பொருந்தாது. பகலில் 31, 32 டிகிரி, இரவிலும் 24, 25-க்குக் கீழே பெரும்பாலும் இறங்காது. நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்று அரைத்து வைத்தால் ஏழெட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். சிக்கல் எல்லாம் அதிகமாகப் புளிப்பதில்தான். மிக்ஸியில் அரைத்தால் மாவு சூடாகும், ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள். இரவு பத்துக்கு வைத்துக் காலை ஆறுக்கு எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். ஏர்கான் ஓடும் அறையில் வைத்தால் மட்டும் காலையில் அரைத்தபடியே கிடக்கும்.

பழைய சோற்றுக்கும் அதே கணக்கு. புழுங்கல் அரிசிச் சோறு ஆறியதும் மூழ்கத் தண்ணீர் ஊற்றி, மூடி, எட்டு மணி நேரம். மண்சட்டி இருந்தால் நல்லது. நூல்விட்டாலோ துர்வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

தயிரில் ஆடை வரவில்லை என்று கவலைப்பட வேண்டாம். இங்கே பெரும்பாலும் கிடைக்கிற பால், கொழுப்பு பிரியாதபடி பதப்படுத்தியது. காய்ச்சினாலும் ஊர்ப் பால் போலத் தடித்த ஆடை மேலே கட்டாது. உறைக்கு இந்தியக் கடைத் தயிர் ஒரு கரண்டி வாங்கிவிட்டால் அப்புறம் அது வம்சமாக ஓடும்.

கருப்பட்டிக்கு குலா மலாக்கா

உருளை உருளையாக விற்கும் குலா மலாக்கா பெரும்பாலும் தென்னையிலிருந்து வருவது, நம்முடையது பனை. முதலாவது கொஞ்சம் வெண்ணெய் வாசமாக, மென்மையாக இருக்கும். கருப்பட்டியில் இருக்கும் அந்த உப்புக் கரிப்பும் புகை வாசமும் இதில் இல்லை. அதனால் பாகு காய்ச்சும்போது ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சுக்கும் போடுகிறேன். பொட்டலத்தில் சேர்மானம் என்ன என்று படியுங்கள், கரும்புச் சர்க்கரை கலந்தவை நிறைய. உளுந்தங்களிக்கு இது தாராளமாகப் போதும், மேலே நல்லெண்ணெயைக் குழி பறித்து ஊற்றினால் வித்தியாசம் தெரியாது. சுக்குக் காப்பிக்குத்தான் எனக்குத் திருப்தியில்லை. அதற்கு உடன்குடிக் கருப்பட்டி யாராவது ஊரிலிருந்து கொண்டுவரும் வரை காத்திருக்கிறேன்.

வாசமும் அண்டைவீடும்

2011-இல், நம்மவர் வீட்டுக் கறி வாசம் பிடிக்கவில்லை என்று சீனாவிலிருந்து வந்து குடியேறிய அண்டைவீட்டார் முறையிட்டு, சமரச மையம் வரை போன ஒரு பழைய சண்டையின் கதை பத்திரிகையில் வந்தது. அதைப் படித்துக் கோபப்பட்ட சிங்கப்பூர்க்காரர்கள், சீனர்கள் மலாய்க்காரர்கள் எல்லோருமாக, ஆகஸ்ட் 21 ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வீடு ஒரு சட்டி கறி சமைக்கக் கிளம்பினார்கள். ஆகவே குழம்பு வாசத்துக்காகக் கூனிக் குறுக வேண்டியதில்லை. அதற்காக இரவு பதினோரு மணிக்குக் கருவாடு வறுக்கவும் வேண்டாம். சன்னலைத் திற, தாழ்வாரத்துப் பக்கக் கதவைச் சாத்து, மிளகாய் வறுக்கும்போது மூடி போடு, இவ்வளவுதான் நான் கடைப்பிடிப்பது. என் எதிர்வீட்டு ஆண்டி ஒருநாள் கதவைத் தட்டியபோது புகார் என்றுதான் பயந்தேன். கையில் ஒரு கட்டு கறிவேப்பிலை. அவர் தொட்டியில் மரம் அளவுக்கு வளர்ந்திருக்கிறதாம், வாரம் ஒருமுறை வந்து பறித்துக்கொள் என்றார். அன்றிலிருந்து நான் கறிவேப்பிலை வாங்குவதில்லை. அவருக்குச் சொதி போகும்.

நுங்கு

ஏப்ரல், மே வந்தால் ஊரிலிருந்து எல்லோரும் நுங்குப் படம் அனுப்புவார்கள். ஐஸ் காச்சாங் என்கிற துருவிய ஐஸ் இனிப்பில் கண்ணாடி போல வழுக்குகிற ஒன்று வருமே, ‘அத்தாப் சீ’, அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது நீப்பா என்கிற வேறு பனை, கடித்தால் ரப்பராக இழுக்கும், சர்க்கரையில் ஊறியது. தாய்லாந்து மளிகைக் கடையில் ‘டாடி பாம் சீட்’ என்று டின்னில் வருவது அசல் பனையின் நுங்கு. பாகை வடித்துக் கொட்டிவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, இளநீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். கொஞ்சம் முற்றலாகத்தான் இருக்கும், பெருவிரலால் குடைந்து உறிஞ்ச முடியாது. ஏலக்காய் போட்ட பாலில் நறுக்கிப் போட்டால் முற்றல் தெரிவதில்லை. ஒரு டின்னில் இரண்டு பேருக்கு வரும்.